அமெரிக்கப் பாடகர் ஜோடியான சைமன் - கார்ஃபங்கலின் முதல் ஆல்பம் ஏன் எடுபடவில்லை?

1964 அக்டோபரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘வெட்னஸ்டே மார்னிங், 3 ஏ.எம்.’ ஆல்பத்தைத்தான் கேட்கிறீர்கள். 12 பாட்டில் பால் சைமன் எழுதியவை 5 மட்டுமே. மற்றவை பழைய நாட்டுப்பாடல்களும் பாப் டிலன் போன்றோரின் பாடல்களும். அந்த வருடம் அமெரிக்கா முழுக்க பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் அலை. கிட்டாரோடு இரண்டு குரல்கள் அடக்கமாகப் பாடியது காதில் விழவே இல்லை. சைமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 1965இல் தயாரிப்பாளர் டாம் வில்சன், இருவரிடமும் கேட்காமலேயே, அந்த ஆல்பத்திலிருந்த ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டின் மேல் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து வெளியிட்டார். 1966 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடம்! ஆனாலும் என்னைக் கேட்டால் முதல் வடிவம்தான் உசத்தி. இரண்டு குரல்களும் ஒட்டி நடக்கும் நெருக்கம் அதில்தான் முழுசாகக் கேட்கிறது.