இரணைமடு நீர்வரத்து மாதிரியை எப்படிப் பகிர்வது?

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். மாரிகாலத்தில் இரணைமடுக் குளத்துக்கு வரும் நீரைக் கணிக்கும் மாதிரியொன்றைப் பைதான் நிரல்மொழியில் எழுதியுள்ளேன். வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர் அதைக் கேட்கிறார். நிரலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா? மழைத் தரவு, பிறருக்குக் கொடுக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் திணைக்களமொன்றில் பெற்றது.

பதில்: போதாது. நிரலை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் உங்கள் விடையை அடைய முடியாது. எந்தப் பைதான் பதிப்பு, நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளில் எவற்றின் எந்தப் பதிப்பு, மாதிரியில் நீங்கள் பொருத்திய அளபுருக்களின் இறுதி மதிப்புகள் என்ன என்பவையும் கூடவே போகவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது விளக்கக் கோப்பு. அதில் 'மழை, மில்லிமீற்றரில்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். இலங்கையில் நாள் மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. செய்மதித் தரவுகள் பல கிரீன்விச் நேரப்படி நாளைப் பிரிக்கின்றன. அது நமக்குக் காலை 5.30. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் கொட்டும் மழை ஒரு கணக்கில் முடிந்த நாளிலும், மற்றதில் தொடங்கும் நாளிலும் சேரும். கணித்த வெள்ள உச்சம் ஒரு நாள் தள்ளிப்போக இதுவே போதும். ஆகவே உங்கள் 'நாள்' எப்போது தொடங்குகிறது என்பதை எழுதுங்கள்.

குளத்துக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சிறு குளங்களைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா? எந்த ஆண்டுகளின் தரவைக் கொண்டு மாதிரியின் அளபுருக்களைச் சீர்செய்தீர்கள்? கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்த 2018 டிசம்பர் அதில் அடங்குமா? சாதாரண மாரியை மட்டும் கண்ட மாதிரியை நம்பி வான்கதவு பற்றி யாரும் முடிவெடுக்கக்கூடாது. இந்த எல்லையை ஒளிவுமறைவின்றி முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். கீழ்ப்புறத்தில் குடியிருப்பவர்களின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விடயம் இது.

திணைக்களத் தரவை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அதே வடிவில் கற்பனை எண்கள் கொண்ட சிறு கோப்பொன்றை, 'இது உண்மைத் தரவன்று' என்ற குறிப்புடன் வையுங்கள். அதை ஓட்டினால் வரவேண்டிய விடையையும் கொடுங்கள். அசல் தரவுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று ஒரு வரி போதும்.

உரிமமும் வேண்டும். அது இல்லாவிட்டால் பதிப்புரிமை முழுவதும் உரியவரிடமே இருக்கும். பிறர் நிரலைத் திருத்திப் பயன்படுத்த அனுமதி கிடையாது. மேற்பார்வையாளரிடம் கலந்துபேசி எம்ஐடி போன்ற எளிய உரிமமொன்றைத் தெரிவு செய்யுங்கள்.

பிறகு, மாதிரியை அறியாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவருடைய கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் தடுமாறும் இடங்களை விளக்கக் கோப்பில் திருத்துங்கள்.

நிரல்களை வைத்துப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப் வேலை செய்ய வசதியான இடம். ஆனால் அங்குள்ளதை எப்போதும் மாற்றலாம், அழிக்கலாம். ஆய்வுக்கட்டுரைக்குரிய பதிப்பைச் செனோடோவில் சேமியுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான சேர்ன் நடத்தும் இந்தக் களஞ்சியம் இலவசமானது. ஒவ்வொரு பதிப்புக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் தரும். கேட்டவருக்கு அந்த எண்ணையே அனுப்புங்கள்.