ஜான் ஆடம்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வாஷிங்டனுக்கும் ஜெஃபர்சனுக்கும் நடுவுல, 1797லேர்ந்து 1801 வரைக்கும் அமெரிக்க பிரசிடென்ட்டா இருந்தவர் ஆடம்ஸ். ரெண்டு பெரிய பேருக்கு இடையில மாட்டிக்கிட்டதால யாரும் அவர கண்டுக்கறதே இல்ல, எனக்கு அது ரொம்ப நாள் ஆதங்கம்.

கேள்வி: அண்ணா, அவர் காலத்துல பிரான்ஸோட சண்டை வந்துச்சா இல்லையா?

பதில்: கடல்ல மட்டும் வந்துச்சு தம்பி. அமெரிக்கா பிரிட்டனோட ஒப்பந்தம் போட்ட கோவத்துல பிரான்ஸ் அமெரிக்க சரக்குக் கப்பல்கள புடிக்க ஆரம்பிச்சுது. பேசித் தீர்க்கலாம்னு மூணு பேர பாரிஸுக்கு அனுப்பினா, வெளியுறவு மந்திரி தாலேராந்தோட ஆளுங்க மொதல்ல லஞ்சம் வைங்க, கூடவே கடனும் குடுங்க, அப்புறம் பேசலாம்னாங்க. 1798ல இது வெளிய வந்ததும் நாடே கொதிச்சுப் போச்சு. ஆடம்ஸ் கடற்படைக்குன்னு தனி இலாகாவே ஆரம்பிச்சார், ஆனா போர் பிரகடனம் பண்ணுங்கன்னு மட்டும் கேக்கவே இல்ல. சொந்தக் கட்சிக்காரங்க கத்தியும் கேக்காம 1799ல திரும்ப தூதுவர்கள அனுப்பி, 1800 செப்டம்பர்ல சமாதானத்த முடிச்சார்.

கேள்வி: அப்புறம் ஏன் தேர்தல்ல தோத்தார்?

பதில்: அந்த சமாதானமே ஒரு காரணம்ங்க, கட்சி ரெண்டா ஒடஞ்சுது. மாநிலங்கள் சார்பா ஓட்டு போடற தேர்வாளர்கள் ஓட்டுல ஜெஃபர்சனுக்கு 73, இவருக்கு 65. ஒப்பந்தம் ஆன சேதி கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் லேட். 1815ல ஒரு கடிதத்துல, 1800ல பிரான்ஸோட சமாதானத்துக்கு பொறுப்பு ஏத்துக்கிட்டவன்னு மட்டும் என் கல்லறையில இருந்தா போதும்னு எழுதியிருக்கார், அத படிக்கறப்பல்லாம் எனக்கு தொண்டை அடைக்கும்.

கேள்வி: சார், எதிர்த்துப் பேசினவங்கள உள்ள தள்ளினவர்தானே இவர்?

பதில்: ஆமா, அத மறைக்க முடியாது. அரசாங்கத்தயோ பிரசிடென்ட்டயோ அவதூறா எழுதினா ஜெயில்னு 1798ல சட்டம் வந்துச்சு. இவர் கேட்டு வாங்கினது இல்ல, ஆனா கையெழுத்து இவரோடது, இதுல நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நியூவார்க் வழியா இவர் போனப்ப பீரங்கி மரியாதை குடுத்தாங்க, போதையில இருந்த லூதர் பால்ட்வின்னு ஒருத்தர் அந்த குண்டு அவர் பின்பக்கத்துல பாஞ்சாலும் எனக்கென்னன்னு சொல்லிட்டார், அதுக்கு கேஸ், அபராதம். வெர்மான்ட் எம்பி மேத்யூ லயனுக்கு நாலு மாசம் ஜெயில், அவர் உள்ள இருந்தபடியே திரும்ப ஜெயிச்சார்.

கேள்வி: அடிமை வச்சிருந்தாரா?

பதில்: இல்ல. மொத பன்னெண்டு பிரசிடென்ட்ல வச்சுக்காதவங்க இவரும் இவர் மகன் ஜான் குவின்சியும்தான்.

கேள்வி: வீட்டு வரிக்கு கலகம் நடந்துச்சாமே?

பதில்: படைக்கு காசு வேணும்னு போட்ட வரி அது. பென்சில்வேனியால ஜெர்மன் பேசுற விவசாயிங்க எதிர்த்தாங்க, ஜன்னல் கணக்கெடுக்க வந்த அதிகாரிங்க மேல பொம்பளைங்க வெந்நீர ஊத்தினாங்க. தலைமை தாங்கின ஜான் ஃப்ரைஸுக்கு தூக்குன்னு தீர்ப்பாச்சு. மந்திரிங்க பேச்சயும் மீறி, இது கலவரம்தான், தேசத்துரோகம் இல்லன்னு சொல்லி 1800 மே மாசம் ஆடம்ஸ் அவர மன்னிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டார்.