வாசகர் கேள்வி – பதில்: டாகா

கேள்வி: சின்ன வயதில் பெற்றோர் அமெரிக்காவுக்குக் கூட்டிவந்த பிள்ளைகளுக்கான டாகா பாதுகாப்பு பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் பேசுகிறார்களே, ஏன் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை?

பதில்: அது சட்டமே இல்லை, அதுதான் சிக்கல். இவர்களுக்கான ‘ட்ரீம்’ மசோதா 2001-லிருந்தே நாடாளுமன்றத்தில் இழுபடுகிறது. 2010-ல் கீழவையில் நிறைவேறியும் செனட்டில் கவிழ்ந்தது. சரி, நாமே செய்வோம் என்று 2012 ஜூனில் ஒபாமா அரசு நிர்வாக நடவடிக்கையாகக் கொண்டுவந்ததுதான் டாகா. 16 வயதுக்குள் வந்திருந்தால் நாடுகடத்தலிலிருந்து இரண்டு வருடத் தற்காலிக விலக்கு, வேலை அனுமதி, அப்புறம் மறுபடி புதுப்பிக்க வேண்டும், குடியுரிமை கிடையாது. ட்ரம்ப் 2017-ல் ரத்து செய்யப் பார்த்தார். 2020-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தடுத்தது, அதுவும் ரத்து செய்த விதம் சரியில்லை என்றுதானே தவிர, டாகா செல்லும் என்று சொல்லவில்லை. 2021-ல் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் புதிதாக யாருக்கும் தரக்கூடாது என்றும் நிறுத்திவைத்தார்.

கேள்வி: எச்1பி வேலை விசாவில் போனவர்களின் பிள்ளைகளுக்கு இது உண்டா?

பதில்: கிடையாது. 2012 ஜூன் 15 அன்று சட்டபூர்வ அந்தஸ்து இல்லாதவர்களுக்குத்தான் டாகா. முறையாக எச்4 என்ற குடும்ப விசாவில் வந்த பிள்ளை, பெற்றோரின் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) வரிசை நகராமலே 21 வயதாகி அந்த விசா போய்விட்டால், மாணவர் விசாவோ வேறேதாவதோ தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். ஒழுங்காக வந்தவர்களுக்கு இந்தக் கதி! இவர்களுக்காகவும் மசோதாக்கள் வந்தன, எதுவும் தேறவில்லை. இரண்டு கட்சிகளுமே எல்லைப் பாதுகாப்புப் பேரத்தில் இந்தப் பிள்ளைகளைப் பகடைக்காயாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.