மயக்கத்துக்கு ஒரே சொல்லா?

கேள்வி: 'மயக்கம்' என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் எது? என் மகள் 'டிசினெஸ்' என்று எழுதினாள். டியூஷன் ஆசிரியை அதை அடித்துவிட்டு 'என்சான்ட்மென்ட்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்க முடியும்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் மகள் எழுதியதும் சரி, ஆசிரியை எழுதியதும் சரி. ஆசிரியை அடித்ததுதான் தப்பு.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'ஒன்றுதானே' என்ற சொல். ஒன்றாக இருக்க மறுப்பதற்குத்தான் அம்மா மயக்கம் என்று பெயர். மயங்குதல் என்றால் கலத்தல். இரண்டு பொருள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும் நிலை. மாலை மயங்கும் நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பாருங்கள். கடல் எது, வானம் எது என்று கோடு தெரியாது. தூக்க மயக்கத்தில் உறக்கமும் விழிப்பும் கலந்து கிடக்கின்றன. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்கிறோமே, அங்கே தலையும் சுற்றவில்லை, யாரும் சொக்கிப் போகவும் இல்லை. அந்த இடத்துக்கு உங்கள் வீட்டு இரண்டு ஆங்கிலச் சொல்லுமே உதவாது.

'காமம் வெகுளி மயக்கம்' என்று 360ஆம் குறளில் வருவது பொய்யும் மெய்யும் கலந்து, ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும் அறியாமை. ஆங்கிலத்தில் 'டெல்யூஷன்' என்றால் பக்கத்தில் போகலாம். புறநானூறு 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி 'மயக்குறு மக்கள்' என்கிறான். நெய்ச்சோற்றை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை அது. அங்கேதான் ஆசிரியையின் 'என்சான்ட்' பொருந்தும். ஆக, எது எதோடு கலந்தது என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்தால் ஆங்கிலச் சொல் தானே வந்து நிற்கும். அகராதிகள் அதைக் கேட்பதில்லை. ஐந்தாறு சொற்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாத அகராதியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்னும் நூறு முறை எழுதவும் தயார்.

அந்த ஆங்கிலச் சொற்களுக்கும் பூர்வீகம் உண்டு. 'டிசி' பழைய ஆங்கிலத்தில் முட்டாளைக் குறித்தது. தலைசுற்றலுக்கு மருத்துவர்கள் சொல்லும் 'வெர்டிகோ' லத்தீனில் சுழல்வது. 'என்சான்ட்' என்பது மந்திரத்தைப் பாடிக் கட்டுவது. 'ஃபெயின்ட்' பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'ஃபேந்த்ர்' தெரிந்திருக்கும், அதாவது பாசாங்கு செய்வது. அந்த வேரிலிருந்துதான் மயங்கி விழுவதற்குச் சொல் பிறந்திருக்கிறது.

எல்லாவற்றையும் மிஞ்சுவது 'கிடினெஸ்'. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் "மயக்கமா வருது டாக்டர்" என்றால் கேஸ் ஷீட்டில் ஏறுவது அதுதான். அதன் வேர் 'காட்', கடவுள். பழைய ஆங்கிலத்தில் 'கிடி' என்றால் தெய்வம் மேலே இறங்கியவர். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் "மருள் வந்து ஆடுறாங்க" என்று நாம் சொல்கிறோமே, அதே நிலை. மருள் என்றாலும் தமிழில் மயக்கம்தான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயர் ஒருவர் எழுந்து வந்து நம் கேஸ் ஷீட்டைப் படித்தால், "இந்த அம்மாவுக்கு நேற்றுக் காலையிலிருந்து சாமி வந்திருக்கிறது, இரண்டு முறை வாந்தி" என்று புரிந்துகொள்வார். உடுக்கையையும் வேப்பிலையையும் தேடுவார்.

சிரித்தாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரியில் இந்தச் சொல்லைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். 'மயக்கம்' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் பாதிதான் தெரியும். அறை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நினைவே தப்பியதா என்று பிரித்துச் சொல்லுங்கள். படுக்கையில் புரண்டால் அல்லது அண்ணாந்து பார்த்தால் அறை சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், பெரும்பாலும் கோளாறு உள்காதில். அங்கே இருக்கும் கால்சியம் துகள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கும். மருத்துவர் தலையை 45 டிகிரி திருப்பிப் படுக்க வைத்து, கருவிழி துடிக்கிறதா என்று பார்ப்பார். பிறகு தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் நிறுத்தித் துகளை வெளியே உருட்டுவார். மாத்திரை அந்தத் துகளை நகர்த்தாது. 'மயக்க மாத்திரை' என்று மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

எழுந்து நின்றதும் கண் இருட்டுவது வேறு. படுத்திருக்கும்போது ஒரு முறை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 குறைந்தால் காரணம் அதில் இருக்கிறது. பிரஷர் மாத்திரையின் அளவும் காரணமாகலாம், வெயிலில் தண்ணீர் குடிக்காததும் காரணமாகலாம். சர்க்கரை நோயாளிக்கு வேர்த்து, கை நடுங்கி, மயக்கம் வந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், விழுங்கும் நினைவு இருந்தால் மட்டும். நினைவு தப்பியவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதும் தப்பு. பெரும்பாலும் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துதான் விழுந்திருப்பார். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். சாவிக்கொத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், அதற்கு இங்கே வேலையில்லை. சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

இலக்கணத்தில் வரும் மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மெய்யெழுத்தும் மெய்யெழுத்தும் சேர்ந்து நிற்பதற்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயரே மெய்ம்மயக்கம். நடுவில் 'ம்' உண்டு. அதை விழுங்கி 'மெய்மயக்கம்' என்று அச்சடிக்கும் பாடக்குறிப்புகளோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய சண்டை. இன்றும் விடுவதாக இல்லை. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். அதனால்தான் சக்தி 'சத்தி' ஆயிற்று, பக்தி 'பத்தி' ஆயிற்று. ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேரா. மற்றவை இரண்டு வகையிலும் வரும். இப்போது 'மயங்கு' என்று எழுதிப் பாருங்கள். 'ங்க்' சேர்ந்து நிற்கிறது, வேற்றுநிலை மயக்கம். 'மயக்கம்' என்று எழுதுங்கள். 'க்க்', உடனிலை மயக்கம். இரண்டு வகை மயக்கமும் இந்த ஒரு சொல்லின் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன. எந்த மொழிக்காரரிடமும் மார்தட்டிக் காட்டலாம்.

ஆங்கிலம் மட்டும் இளைத்ததா? சினிமாப் பக்கங்களில் நாள்தோறும் புரளும் 'கிளாமர்' என்ற சொல் 'கிராமர்' என்பதிலிருந்து திரிந்தது. படிப்பு என்றாலே மந்திர வித்தை என்று மக்கள் நினைத்த காலத்தில் ஸ்காட்லாந்தில் உருமாறி, கண்கட்டு வித்தையைக் குறித்தது. ஆசிரியைக்கு மயக்கும் சொல்தான் வேண்டும் என்றால் இதையும் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் பாடமே அதற்குள் இருக்கிறது.

மகளின் மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். 'வெயிலில் நின்றதால் மயக்கம் வந்தது' என்று கேள்வித்தாளில் இருந்திருந்தால் மதிப்பெண் மகளுக்கு. 'அவள் குரலில் ஒரு மயக்கம்' என்று இருந்திருந்தால் ஆசிரியைக்கு. நீங்கள் சொல்லை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், வாக்கியத்தை எழுதவில்லை. அதை அனுப்பி வையுங்கள்.