காரைச் சுவரில் ஏறும் ஈரம்

சிமெண்டும் வேண்டாம், நீர்த்தடுப்பு பெயிண்டும் வேண்டாம். உங்கள் காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டுச் (உள்பகுதி) சுவரில் முழங்கால் உயரம்வரை உப்புப் பூத்து உதிர்வதாகவும், அதன்மேல் எதைப் பூசலாம் என்று கேட்டும் எழுதியிருக்கிறீர்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புக் காரை வெளியே விட்டுவிடும், சிமெண்டோ அதை அடைத்து இன்னும் மேலே ஏற்றிவிடும்.

முற்றத்து மழைநீர்ப் போக்கு அடைபட்டிருக்கலாம் என்பதே என் முதல் சந்தேகம். நான்கு குடம் தண்ணீரை முற்றத்தில் ஊற்றி, அது தடையின்றி வெளியே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு பாலித்தீன் தாள் ஒன்றை ஈரமான இடத்தில் நான்கு விளிம்பும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள்: சுவரை ஒட்டிய பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அறைப்பக்கம் வியர்த்தால் காற்றோட்டம் போதவில்லை.

உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் தட்டுங்கள். கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காரை காயாது என்பதால் தை பிறந்தபின் பூசுங்கள். சுவரின் மேற்பகுதியில் பழைய முட்டைப்பூச்சு (முட்டை வெண்கரு சேர்த்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு) நன்றாக இருந்தால், தயவுசெய்து அதைக் கொத்திவிடாதீர்கள்.