பழைய ஈசிஎம்மை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2013 மாடல் ஹூண்டாய் வெர்னா, 1.6 டீசல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்று, வேலை பார்த்து, அதன் பிறகு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. கோளாறு பார்க்கும் ஸ்கேனரை மாட்டினால் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் பேசுகின்றன, இன்ஜின் மட்டும் பேசவில்லை. ஈசிஎம், அதாவது இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி, போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். புதியது விலை கட்டுப்படியாகாததால் சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஒரு ஈசிஎம் பார்த்து வைத்திருக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று: வாங்கி மாட்டினால் அப்படியே ஓடுமா? குளோன் என்கிறார்களே, அது என்ன? என் வண்டியின் பழுதான பெட்டியைக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்கிறார், கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் வண்டிக்கு இப்போது இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருள் அந்தச் செத்த பெட்டிதான். பெட்டி எங்கும் கிடைக்கும், அதற்குள் இருக்கும் தகவல் கிடைக்காது.

ஆனால் அதற்கும் முன்னால், அது உண்மையிலேயே செத்ததா என்று பாருங்கள். ஸ்கேனரில் பேசவில்லை என்பதை வைத்து மட்டும் ஈசிஎம் போச்சு என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. நல்ல ஈசிஎம்களை எத்தனையோ முறை இப்படித்தான் கழற்றிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் ஃபியூஸ் பாக்ஸ், மெயின் ரிலே, பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட், இந்த மூன்றும்தான் முதல் சந்தேகம். ஈசிஎம் கனெக்டரில் சப்ளை வருகிறதா என்று மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது, துருப்பிடித்த ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஒரு ஹெட்லைட் பல்பை லோடாகக் கொடுத்துப் பாருங்கள், பல்பு மங்கலாக எரிந்தால் கோளாறு ஒயரில். அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் மாட்டும் இடம்) 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். ஈசிஎம்மும் மற்ற யூனிட்டுகளும் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயரான கேன் லைனின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் சுமார் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை லைனிலிருந்து விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலான வண்டிகளில் அந்த முனைகளில் ஒன்று இன்ஜின் ஈசிஎம்முக்குள்தான் இருக்கும். அப்புறம் சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுக்கும் 5 வோல்ட் லைன். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகி 5 வோல்ட்டைக் கீழே இழுத்தால் சில வண்டிகளில் ஈசிஎம் மொத்தமாக மௌனமாகிவிடும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள், திடீரென்று பேச ஆரம்பித்தால் உங்களுக்குப் பெரிய செலவு மிச்சம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால், சரி, ஈசிஎம்தான்.

இப்போது முதல் கேள்வி. வேறு வண்டியின் ஈசிஎம்மை மாட்டினால் ஸ்டார்ட்டர் சுற்றும், டீசல் அடிக்காது, டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கும். சாவிக்குள் சின்ன டிரான்ஸ்பாண்டர் சிப் இருக்கிறது. அதைப் படிப்பது ஸ்மார்ட்ரா என்கிற யூனிட், ஆனால் 'இது நம்ம சாவிதான்' என்று முடிவெடுத்து டீசலைத் திறந்துவிடுவது ஈசிஎம். புதுப்பேட்டைப் பெட்டிக்குத் தன் பழைய முதலாளியின் சாவிதான் தெரியும். ஹூண்டாயில் இதற்கு ஒரு முறையான வழியும் உண்டு. வாங்கிய ஈசிஎம்மை நியூட்ரல் நிலைக்கு, அதாவது பழைய சாவிகளை மறந்த நிலைக்குக் கொண்டுவந்து, உங்கள் வண்டியின் ஆறு இலக்க ரகசிய எண்ணான பின் நம்பரைக் கொடுத்துச் சாவிகளைக் கற்றுக்கொடுப்பது. ஆனால் நியூட்ரல் ஆக்குவதற்கு அந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்ததோ அந்த வண்டியின் பின் நம்பர் வேண்டும், அதைக் காயலான் கடையில் யாரிடம் போய்க் கேட்பது? ஊகித்து அடித்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், மூன்று முறை தவறினால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும்.

அதனால்தான் குளோன். உங்கள் பழைய ஈசிஎம்முக்குள் இருப்பதை முழுவதும் படித்து வாங்கிய ஈசிஎம்முக்குள் அப்படியே எழுதிவிடுவது, அவ்வளவுதான். எழுதி முடித்த பிறகு வண்டியைப் பொறுத்தவரை அது உங்கள் சொந்த ஈசிஎம்மேதான், சாவி எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் யாரிடம் வேலை கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும். இந்த டீசல் இன்ஜின்களில் வருவது பாஷ் ஈடிசி17 குடும்பம், அதன் மூளை இன்ஃபினியனின் டிரைகோர் சிப். பெரிய ஃபிளாஷ் பகுதியில் புரோகிராமும், எவ்வளவு டீசல், எப்போது, எந்த அழுத்தத்தில் என்கிற மேப்புகளும் இருக்கும். இந்தப் பகுதி ஒரே மாடல், ஒரே சாஃப்ட்வேர் நம்பர் உள்ள எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். தனியாக ஒரு சின்ன தகவல் பகுதி இருக்கிறது, பழைய காலத்து ஈசிஎம்களில் ஈப்ராம் என்று தனிச் சிப்பாக இருந்தது, இதில் பெரும்பாலும் டிரைகோருக்குள்ளேயே டிஃபிளாஷ் என்று இருக்கும். சாவி விவரம், சேசிஸ் நம்பர், டீசல் அடிக்கும் நாலு இன்ஜெக்டரின் ஏழு எழுத்துக் குறியீடு (கோடு), இன்ஜின் ஓட ஓடக் கற்றுக்கொண்ட திருத்தங்கள் எல்லாம் இங்கேதான். உங்கள் வண்டியை உங்கள் வண்டியாக்குவது இந்தச் சின்னப் பகுதி.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஓபிடி சாக்கெட் வழியாகவே 'ரீட்' செய்து தருகிறோம் என்று சொல்லும் கருவிகளில் பல உண்மையில் உங்கள் பெட்டியைப் படிப்பதே இல்லை. சாஃப்ட்வேர் நம்பரை மட்டும் கேட்டுக்கொண்டு, கருவிக் கம்பெனியின் சர்வரிலிருந்து அந்த நம்பருக்கான பொது ஃபைலை இறக்கித் தரும். மேப் மாற்றுகிறவர்களுக்கு அது போதும், குளோனுக்கு உதவவே உதவாது, ஏனென்றால் டிஃபிளாஷ் அதில் இருக்காது. உங்கள் பெட்டி ஓபிடியில் பேசாத நிலையில் அந்த வழி எப்படியும் மூடிவிட்டது. பெஞ்ச் முறையில், அதாவது பெட்டியைத் திறக்காமல் கனெக்டர் பின்களுக்கே சப்ளையும் கேன் லைனும் கொடுத்துப் படிக்க வேண்டும், அதற்கும் பேசவில்லை என்றால் மூடியைத் திறந்து பூட் முறையில் சிப்போடு நேரடியாகப் பேச வேண்டும். தண்ணீர் குடித்த பெட்டிகளில் கனெக்டர் பின்னோ சப்ளைப் பகுதியோ பச்சை பூத்து அரித்துப் போயிருக்கும், நடுவில் உள்ள சிப் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதனால்தான் அதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, அரித்துப்போன இடத்தில் வெளியிலிருந்து சப்ளை கொடுத்தால் ஒரே ஒரு முறை எழுந்து பேசினாலும் நமக்குப் போதும். அதற்குமுன் வீட்டில் பேட்டரியை மாட்டிச் சோதித்துப் பார்க்காதீர்கள், ஈரமும் உப்பும் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

புதுப்பேட்டையில் பெட்டியை எடுக்கும்போது லேபிளை உங்கள் பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஹூண்டாயின் பார்ட் நம்பர் ஒன்று இருக்கும், பாஷின் நம்பர் 0281 என்று தொடங்கும் (0261 என்று இருந்தால் அது பெட்ரோல் வண்டியுடையது, தொடவே வேண்டாம்). இரண்டும் பொருந்த வேண்டும், வெளித் தோற்றமும் கனெக்டரும் ஒன்றாக இருப்பதை வைத்து வாங்காதீர்கள். மேனுவல் கியர் வண்டிக்கு மேனுவல் பெட்டிதான். மூடியின் ஓரத்தில் சிலிக்கான் பசை கிளறப்பட்டிருந்தால் ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார்கள், வேறு பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டியின் பெட்டி உங்கள் வண்டிக்குள் வந்துவிடக் கூடாது.

வேலை செய்பவர் இரண்டு பெட்டிகளையும் முதலில் படித்துச் சேமிக்க வேண்டும், வாங்கியதையும் சேர்த்துத்தான். ஒரே பெட்டியை இரண்டு முறை படித்து இரண்டு ஃபைலும் பைட்டுக்குப் பைட் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். ஃபைல் முழுக்க எஃப்எஃப் (காலி இடத்தின் அடையாளம்) என்றோ சைபர் என்றோ இருந்தால் கருவி 'ஓகே' என்று காட்டினாலும் எதுவும் படிக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். தொழிலுக்கு வந்த புதிதில் இதில் நான் ஒரு வண்டியைக் கெடுத்திருக்கிறேன். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி மேஜையில் கிடந்தன, அவசரத்தில் மாற்றி, வாங்கிய பெட்டியின் ஃபைலை வாடிக்கையாளரின் ஒரிஜினல் பெட்டியிலேயே எழுதிவிட்டேன், அதைப் படித்துச் சேமித்தும் வைக்கவில்லை. அவருடைய சாவி விவரம் அந்த நிமிடமே அழிந்தது. பின் நம்பர், புதிய ஈசிஎம் என்று என் கையிலிருந்துதான் செலவு செய்தேன். அன்றிலிருந்து ஒரிஜினல் பெட்டியைப் படித்து முடித்ததும் அதன்மேல் சிவப்பு டேப் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததைக் கையில் எடுப்பேன்.

எழுதும்போது சப்ளை 13.5 வோல்ட்டில் ஆடாமல் நிற்க வேண்டும். சாதாரண பேட்டரி சார்ஜர் வேண்டாம், அதன் அலைவு இந்த வேலைக்கு ஆகாது. நடுவில் கரண்ட் போனால் பெட்டி பாதியில் நின்றுவிடும், பூட் முறையில் மீட்கலாம்தான், ஆனால் யுபிஎஸ் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அப்படியே பிரதி எடுக்கிறோம், ஒரு பைட் கூட மாற்றவில்லை என்பதால் செக்சம், அதாவது ஃபைல் கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்ணைத் திருத்த வேண்டிய வேலையே கிடையாது. 'கூடவே ஈஜிஆர் ஆஃப் பண்ணிடலாம், கொஞ்சம் பவர் ஏத்திடலாம்' என்று சொன்னால் (ஈஜிஆர் என்பது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள், நாளைக்கு ஏதாவது கோளாறு வந்தால் பெட்டியா, ஃபைலா, வண்டியா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சாவி சிப்பைச் சோதிக்கும் இம்மொபிலைசரையே அணைத்துத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். சாவி சிப் இல்லாமலே ஓடும் வண்டி திருடனுக்கும் ஓடும்.

மாட்டுவதற்கு முன் வண்டிப் பக்க கனெக்டரைச் சுத்தம் செய்யாவிட்டால் பழைய பெட்டியைக் கொன்ற அதே பச்சை இதையும் கொல்லும். மாட்டிய பின் ஸ்கேனரில் சேசிஸ் நம்பர் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா, நாலு இன்ஜெக்டர் கோடும் இன்ஜெக்டர் தலையில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கோடு மாறியிருந்தால் ஐடிலில் தட்டும் சத்தமும் புகையும் வரலாம்.

உங்கள் பெட்டியின் சிப்பே செத்துப்போய் எந்த முறையிலும் படிக்க முடியவில்லை என்றால் குளோன் என்ற பேச்சே இல்லை. ஆர்சி, அடையாள அட்டையோடு டீலரிடம் போய் உங்கள் பின் நம்பரைக் கேட்டு வாங்கி, புதிய ஈசிஎம்மில் கற்றுக்கொடுப்பதுதான் நேரான வழி. அப்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள், அன்று கற்றுக்கொடுக்காத சாவி அதன் பிறகு ஸ்டார்ட் செய்யாது. அதனால் புதுப்பேட்டைக்குப் பணம் கொடுக்கும் முன்பே உங்கள் பெட்டியை மட்டும் ஒரு பெஞ்சில் படிக்கக் கொடுங்கள். ஃபிளாஷ், டிஃபிளாஷ், டிரைகோர் சிப்பைத் திறக்கும் கடவுச்சொல் ஃபைல் மூன்றும் பென்டிரைவில் உங்கள் கைக்கு வந்த பிறகு அந்தப் புதுப்பேட்டை ஈசிஎம்மை வாங்குங்கள்.