தோட்டத்துக்குச் சொந்தக்காரரான சௌமியமூர்த்தி தொண்டமான், தொழிலாளர் தலைவரானது எப்படி?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பலருக்கும் வருகிற கேள்விதான். தொண்டமான் 1913இல் சிவகங்கைச் சீமையில் பிறந்தவர். சிறுவனாக இலங்கைக்கு வந்து கம்பளையில் படித்தார். இறம்பொடைப் பக்கம் வேவண்டன் தோட்டம் அப்பாவுடையது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துப் பிள்ளை அல்ல. ஆனால் தோட்டத்தை நடத்தும் துரைமாரிடம் கைகட்டி நிற்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்தக் காலத்தில் அது பெரிய பலம்.

1939இல் தொடங்கிய இலங்கை இந்தியர் காங்கிரஸ் வழியாக அரசியலுக்கு வந்து, 1947இல் நுவரெலியா எம்.பி. ஆனார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் (குடியுரிமை) சட்டம். வாக்குப் போட்டு அனுப்பிய சனம் நாடற்றவர்களானது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது.

அவருடைய சாமர்த்தியம் தெரிவது 1986இல். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு, தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கியது. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகாமல் சாமி கும்பிடுவது, மதியத்துக்குப் பிறகுதான் கொழுந்து பறிக்க இறங்குவது. வேலைநிறுத்தம் என்றும் சொல்ல முடியாது, சாமி கும்பிடாதே என்றும் சொல்ல முடியாது! இத்தனைக்கும் அவர் அப்போது அதே அரசாங்கத்தில் அமைச்சர்; 1978இலிருந்தே ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் இருந்தவர். அரசு இறங்கி வந்தது, 1988 சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

அரசோடு ஒட்டியே இருந்தார் என்ற குறை நியாயமானதுதான். லயங்கள் பெரிதாக மாறவில்லை. சரி, பிரஜாவுரிமையை வெளியில் நின்று வாங்கியிருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். 1999இல் இறக்கும்வரை அமைச்சராகவே இருந்தார்.